உப்புக்குத் தள்ளிய இரண்டு கிலோ

போன வாரம் செம்பூரில் சர்க்கரை டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் பெண் எடை மெஷினில் ஏறச் சொன்னாள். செருப்பைக் கழற்றினேன். பர்ஸை மேஜைமேல் வைத்தேன். கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, அதே வேகத்தில் சட்டைப் பொத்தானில் கை வைத்துவிட்டேன். "அங்கிள், பஸ் பஸ், போதும்!" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எண்பது வயதைத் தொட்டாலும் குஸ்திக்காரன் புத்தி போகுமா? ஆனால் என் தொந்தியைப் பார்த்தால் நான் ஒரு காலத்தில் குஸ்தி போட்டவன் என்று நீங்களும் நம்ப மாட்டீர்கள்.

அறுபதுகளில் மாட்டுங்காவில் படித்தேன். எங்கள் கல்லூரிக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்குள் ஒரு குஸ்திக் குழி இருந்தது. செம்மண்ணில் எண்ணெயும் மஞ்சளும் மோரும் விட்டுப் பிசைந்திருப்பார்கள். அந்த வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது. தாராவியில் எங்கள் வாப்பாவுக்குத் தோல் கோடவுன் என்பதால், வீட்டுக்குப் போனால் அந்த நாற்றம் வேறு. லோக்கல் ரயிலில் என் பக்கத்தில் எப்போதும் இடம் இருக்கும்.

கடைசி வருடம் முழங்கால் பிசகியது. டாக்டர் இனி குழியில் இறங்கக் கூடாது என்றுவிட்டார். எங்கள் வஸ்தாத், அதாவது குஸ்தி வாத்தியார், ஒரு வயதான மராத்திக்காரர். பரீட்சை முடிந்ததும், "வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், இங்கேயே இரு" என்று என்னை அசிஸ்டென்ட் கோச்சாக வைத்துக்கொண்டார். பேர்தான் பெத்த பேர். மண்ணைக் கிளறுவது, தண்ணீர் தெளிப்பது, துண்டு பிடிப்பது, பையன்களுக்கு எடை பார்ப்பது, இவ்வளவுதான் வேலை.

நேற்றுவரை என்னோடு மண்ணில் புரண்டவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். டீக்கடைக்குப் போகும்போது என்னைக் கூப்பிடுவதில்லை. வஸ்தாதோ தம் வயதுக்காரர்களோடுதான் உட்காருவார். நான் குழியின் கரையில் துண்டோடு தனியாக நிற்பேன். குஸ்திக்காரனுக்கு ஜோடி வேண்டும், கோச்சுக்கு ஜோடி கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. பல நாள் ரயிலில் அழுகை முட்டிக்கொண்டு வரும்.

என்னை விடாமல் இருந்தவன் என் பழைய ஜோடி சுடலைமுத்து ஒருவன்தான். எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். அவன் அப்பா எங்கள் கோடவுனில் தோல் தூக்குகிறவர். அந்த வருடக் கல்லூரிப் போட்டியைப் பார்க்க ரயில்வேக்காரர்கள் வருவதாகவும், நன்றாக ஆடினால் வேலை தருவதாகவும் பேச்சு. "ரயில்வேல மட்டும் சேந்துட்டேன்னு வையி, மறுநாளே எங்கப்பா தோள்ல இருந்து தோல எறக்கிருவேம்லே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அவன் ஆட வேண்டியது ஐம்பத்தேழு கிலோப் பிரிவில். ஒரு வாரம் பட்டினி. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் கோடவுன் தராசில் அவனை ஏற்றினேன். ஐம்பத்தாறரை காட்டியது.

"லேய், அரைக்கிலோ மிச்சம் கெடக்கு. வா, ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ" என்றேன்.

"வேண்டாம்லே. எச்சி முழுங்கவே பயமா இருக்கு."

"கோச் நான் சொல்லுதேம்லா?"

பாவி, அப்படித்தான் சொன்னேன். மாட்டுங்காவில் நானே வாங்கிக் கொடுத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தின்றான்.

மறுநாள் காலை போட்டித் தராசில் ஒன்றரைக் கிலோ அதிகம். இட்லி தின்றால் அவ்வளவா ஏறும்? அப்புறம்தான் பொறி தட்டியது. அழுகாமலிருக்கத் தடவிய உப்பு ஒட்டிக்கொண்டுதான் தோல் வரும். அந்த உப்புக்காகக் கோடவுன் தராசை எப்போதும் இரண்டு கிலோ குறைத்துக் காட்டும்படியே வைத்திருப்பார்கள். விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். நடை பழகிய நாளிலிருந்து எனக்கும் தெரியும். ஆனால் அதில் ஏற்றினது தோலை அல்லவே, சுடலையை அல்லவா?

அரைமணி அவகாசம் கொடுத்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கினான். எலுமிச்சம்பழத்தைக் கடித்துத் துப்பினான். தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிப் பார்த்தோம். அப்படியும் ஒரு கிலோ பாக்கி நின்றது. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வஸ்தாத் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். "க்யா ரே, சோரி சே காயா?"

திருட்டுத்தனமாகத் தின்றாயா என்று கேட்கிறார். சுடலை தலையைக் குனிந்து, "ஹாங் வஸ்தாத், தோ இட்லி" என்றான். யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் துண்டு இருந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பேசாமல் நின்றேன். "பார், இவனும் உன்னைப் போலத்தானே, ஒழுங்காக இருக்கிறான்" என்று வஸ்தாத் என்னைக் காட்டினார். சுடலை அதற்குப் பிறகு குழிக்கு வரவில்லை. அவன் அப்பாவும் எங்கள் கோடவுனை விட்டு நின்றுவிட்டார்.

நாலைந்து வருடம் கழித்துக் குர்லா ஸ்டேஷனில் அவனைப் பார்த்தேன். கல்யாணில் ஒரு பட்டறையில் வேலை என்றான். கையெல்லாம் கிரீஸ். எப்படியோ, "சுடலை, அன்னைக்கு அந்தத் தராசு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அன்னைக்குச் சாயங்காலமே எங்கப்பா சொல்லிட்டாரு. அந்தத் தராசுல எத்தன தோலு நிறுத்திருப்பாரு!"

"பொறவு ஏன் வஸ்தாத்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு மாசம் வீட்டு வாசல்லயே உக்காந்து பாத்தேன்."

கல்யாண் வண்டி வந்தது. கூட்டத்தோடு ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு அவனை நான் பார்க்கவில்லை.

குழி இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் நிறுத்துகிறார்கள். கோடவுன் போய் ஏழு மாடிக் கட்டடம் வந்துவிட்டது. வஸ்தாத் என்னை ஒழுக்கமானவன் என்று நம்பியபடியே கண்ணை மூடினார். எங்கள் வீட்டிலிருந்து சுடலை வீடு இரண்டு சந்து தள்ளித்தான் இருந்தது, நடந்தால் ஐந்து நிமிஷம். அந்தச் சந்தும் இப்போது இல்லை.