எலுமிச்சை பிஸ்கட்டும் இஸ்திரிக் கையும்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

மயிலாப்பூரில் ஒரு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன். என் மனைவி அடையாறில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறாள். இந்த வருஷம் அவளுக்குக் கீழ்வரிசைப் பல் முழுவதையும் பிடுங்கும்படி ஆகிவிட்டது. ஈறு ஆறின பிறகுதான் பல் செட் என்றார் டாக்டர். அதுவரை கஞ்சியும் குழைந்த சோறும். எதுவுமே கேட்காதவள் ஒருநாள் கேட்டாள். வேலை செய்யும் வீட்டில் எப்போதோ கொடுத்தார்களாம், எலுமிச்சை வாசனையோடு மெத்தென்று ஒரு பிஸ்கட். வாயில் போட்டால் தானே கரையுமாம்.

அடையாறில் ஒரு கேக் கடையில் அது கிடைக்கும். போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே இங்கிலீஷ் பேச்சு. வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறித் திரும்பினேன். அவளிடம் அதைச் சொல்ல வெட்கம். நானே வீட்டில் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாள் முழுக்கச் சூட்டோடு கிடப்பவனுக்கு இதென்ன பெரிய வேலை என்று நினைப்பு.

போனில் வந்த சமையல் வீடியோவில் ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தபடி மைதா, வெண்ணெய், சர்க்கரை பிசைந்து, எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டேன். வீணாக்குவானேன் என்று வெள்ளைப் பகுதி வரைக்கும் துருவினேன். குக்கரில் உப்பைக் கொட்டி, விசில் போடாமல் தட்டை உள்ளே வைத்தேன். நடுவில் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஆறினால் சரியாகிவிடும் என்றுதான் அந்த அம்மா சொன்னார். என் கை கேட்கவில்லை. ஈரம் இருந்தால் வேலை முடியவில்லை என்பதுதான் அதற்குப் பழக்கம். விறைப்பாக வரும்வரை விட்டேன்.

“இன்னாய்யா இது, கேரம் போர்டு காயா?” என்றாள் என் மனைவி. ஓரத்தை நக்கிப் பார்த்தாள். “கசக்குது வேற. வெள்ளத் தோலையும் சேத்து சீவிட்டியா?”

அடுத்த தடவை மஞ்சள் தோலை மட்டும் துருவினேன். கசப்பு போயிற்று. ஆனால் காய் காய்தான். அவள் டீயில் ஊறவைத்து உறிஞ்சினாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தேய்த்த தேய்ப்பில் அடியில் இருந்த பூப் படமே அழிந்துவிட்டது.

மூன்றாவது தடவை அவளே அடுப்படிக்கு வந்து நின்றாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேஸை அணைத்தாள்.

“வேகலடி. மாவாவே கீது.”

“சட்டையா அது, மடிச்சு குடுக்க? தள்ளு.”

நான் தொட்டு அமுக்காதபடி தட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடுப்பில் வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு தின்றுகொண்டிருந்தாள்.

“மொளகா கடிச்ச மாதிரி மூஞ்சிய வச்சிக்கினு நிக்காத. இந்தா.”

கரைந்தது. நான் சும்மா இருந்தாலே போதும் என்றால் எரிச்சல் வருமா வராதா?

இன்று மழை, வண்டி போடவில்லை. அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் தனியாகச் செய்துவிட வேண்டும் என்று காலையில் ஒரு தட்டு வைத்தேன். மறுபடியும் காய். இன்னொரு முறை பிசைந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேஸை அணைத்துவிட்டேன். தட்டு இப்போது எதிரில் ஆறுகிறது. எனக்கு வேகாத மாதிரிதான் தெரிகிறது. விரல் துறுதுறுக்கிறது. அதற்கு ஒரு வேலை கொடுக்கத்தான், ரொம்ப நாளாக எழுத நினைத்த இதை எழுத உட்கார்ந்தேன். அவள் வரும்வரை பேனாவைக் கீழே வைக்கப் போவதில்லை.

கதவைத் தட்டுகிறாள்.

ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை.