எந்தக் கோர்ட்டுக்கு நான் மனைவி

என் கணவன் என்னை விவாகரத்து செய்த செய்தி குத்தாலத்துக்குக் கூரியரில் வந்தது. அம்மாவின் ஆபரேஷனுக்காக நான் அமெரிக்காவிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சம்மன் எதுவும் வரவில்லை. தீர்ப்பு மட்டும் வந்தது. நான் அவனை விட்டு ஓடிவிட்டேனாம், என் முகவரியே தெரியாதாம். அந்த முகவரிக்குத்தான் கூரியர் அனுப்பியிருந்தான்.

போன் செய்து, "அங்க உள்ள பெரிய கோர்ட்டுக்குப் போவேன்" என்றேன்.

சிரித்தான். கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன், சட்டத்தையே தான் எழுதிக் கொடுத்தது போல ஆரம்பித்தான். "ஃபெடரல் கோர்ட்டயா சொல்ற? இங்க ஸ்டேட் கோர்ட் வேற, அது வேற. நாடு முழுக்க உள்ள சட்டம், ஒரு ஸ்டேட்காரன் இன்னொரு ஸ்டேட்காரன் மேல போடுற பெரிய வழக்கு, இதெல்லாம்தான் அங்க போவும். புருஷன் பொண்டாட்டி விவாகரத்த அவங்க தொடவே மாட்டாங்க."

அவன் சொன்னது சரி என்று பிறகு தெரிந்தது. இவ்வளவு படித்தவன், தன் கல்யாணம் எந்த ஊர்ச் சட்டப்படி நடந்தது என்பதை மட்டும் படிக்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பெண் வக்கீல் தீர்ப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"கல்யாணம் எங்கம்மா நடந்துச்சு?"

"இங்கதாங்க. லுத்தரன் சர்ச்சுல."

"அப்ப நம்ம சட்டம்தான். நீங்க அந்த கோர்ட்ல ஆஜராகல, ஒத்துக்கவும் இல்ல. அந்தத் தீர்ப்பு இங்க செல்லாது. அங்க அவர் தனி ஆளு. இங்க இன்னும் உங்க வீட்டுக்காரர்."

வழக்குப் போட்டு அவன் பின்னால் அலைய மனமில்லை. மயிலாடுதுறையில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

மூன்று வருடம் கழித்து அவனே வந்தான், ரோட்டில் காயப்போட்ட நெல்லில் படாமல் ஷூவைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு. அவனுக்கு இங்கேயே பெண் பார்த்திருந்தார்கள். அமெரிக்கத் தீர்ப்பைப் பார்த்த போதகர், நம்ம கோர்ட் உத்தரவு வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"ரெண்டு பேரும் சம்மதிச்சு ஒரு மனு. உன் கையெழுத்து போதும்" என்றான்.

"போடுறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்களே வந்து நிக்கணும்."

மனு போட ஒரு முறை, ஆறு மாதம் கழித்து மறுமுறை என்று இரண்டு தடவை விமானம் ஏறி வந்தான். கோர்ட் வராந்தாவில் என் வக்கீலிடம், "அங்கல்லாம் இவ்வளவு லேட் ஆகாது மேடம்" என்று அலுத்துக்கொண்டான். அவர் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

உள்ளே நீதிபதி என்னிடம், "உங்களுக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். இதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"சம்மதங்க ஐயா."

பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. குத்தாலம் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.