காதர் நானா தொடாத மெயின் சுவிட்ச்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம். திருமலைராயன்பட்டினத்தில் ஒரு மரைக்காயரின் அரிசி மில்லில் நான் ஃபிட்டர். மூட்டைகளை மாடிக்குத் தூக்கும் மோட்டார் ஹாய்ஸ்டில் பிரேக் உடைந்துவிட்டது. புதிது மதராஸிலிருந்து வர இரண்டு மாதமாகும் என்றார்கள்.

எனக்கு அப்போது வாய் நீளம். "எதுக்கு முதலாளி? மரம் அறுக்குற பட்டறையில பழைய பிரேக் ஒண்ணு கெடக்கு. மாட்டித் தர்றேன்" என்றேன். செவ்வாய்க்கிழமை மாட்டினேன். பட்டனை விட்டதும் மூட்டை குலுங்காமல் நின்றது. முதலாளி முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பிரேக், கரண்ட் இருந்தால்தான் கயிறு சுற்றும் டிரம்மைப் பிடிக்கும். ஓடும் ரம்பத்தை நிறுத்த அது போதும். அந்தரத்தில் தொங்கும் மூட்டைக்கு? நான் யோசிக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பாங்கு கேட்டால் மில்லில் எல்லாம் போட்டது போட்டபடி நிற்கும். மெயின் சுவிட்சை அணைப்பவர் ஹாய்ஸ்ட் ஓட்டும் காதர் நானா; அண்ணனை அங்கே நானா என்பார்கள். அன்றும் பட்டனை விட்டார், தொப்பியைத் தலையில் வைத்தார், மெயினை இறக்கினார். பாதியில் தொங்கிய நாலு மூட்டையும் தடதடவென்று தரையில் வந்து மோதின. கீழே கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலை, முறம் எடுக்க அப்போதுதான் நகர்ந்திருந்தாள். அவளுடைய விளக்குமாறு மூட்டைக்கடியில் கிடந்தது.

முதலாளி ஓடி வந்தார். "மூட்ட தொங்குறப்ப மெயின யாரு அணைச்சது?"

"நாந்தாங்க முதலாளி. எப்பவும் அணைக்கிறதுதாங்க." என்றார் காதர் நானா.

"நாளையிலேர்ந்து மில்லுப் பக்கம் வராத!"

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அரை நிமிஷத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அஞ்சலைதான் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க மேஸ்திரி, முன்னெல்லாம் அணைச்சா வுழலியே?"

"தப்பு என்னுதுங்க முதலாளி" என்றேன். "கரண்ட் போனா விட்டுடுற பிரேக்க மாட்டிட்டேன்."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காதரு இருக்கட்டும். மதராஸுக்கு எழுது. அதுவரைக்கும் மூட்டைய நீ தோள்ல தூக்கு."

இரண்டு மாதம் தூக்கினேன். புதுப் பிரேக் வந்தது. அதில் ஸ்பிரிங்தான் பிடிக்கும், கரண்ட் வந்தால் விலகும். இப்போது பிரேக் வாங்கும் பிள்ளைகள் எத்தனை டன் தாங்கும் என்றே கேட்கிறார்கள். கரண்ட் போனால் என்ன செய்யும் என்று முதலில் கேளுங்கள்.

புதுப் பிரேக் மாட்டிய வார வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்க்க நாலு மூட்டையைப் பாதியில் நிறுத்தினோம். பாங்கு கேட்டது. காதர் நானா ஒதுங்கி நின்றார். "தம்பி, நீங்க அணைங்க."

அஞ்சலையைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினை இறக்கினேன். மூட்டை அசையவில்லை. "இனிமே பயமில்ல நானா" என்றேன். அவர் தலையாட்டினார். ஆனால் நான் அந்த மில்லில் இருந்தவரை அவர் அந்த சுவிட்சைத் தொடவே இல்லை.