இரும்பக்காவைத் தேடச் சொன்ன வெள்ளிக்கிழமை

முன்பள்ளி ஆசிரியைக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது. வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். ஒருவர் தண்ணீர் கேட்டால் மற்றப் பதின்மூன்று பேருக்கும் உடனே தாகம் எடுக்கும், எனக்கு உடனே தலை இடிக்கும். ஆனால் கதை சொல்ல வரும். கதை நடக்கிற நேரத்தில் மட்டும் பிள்ளைகள் அசையாமல் இருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னைப் பொறுமைசாலி என்று நினைக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள். நான் அவர்களைத் திருத்தப் போனதில்லை.

எங்கள் முன்பள்ளி நெடுங்கேணியிலிருந்து காட்டுப் பக்கமாகப் போகும் கிரவல் தெருவில் இருக்கிறது. அந்த மாதம் பொருட்களின் தன்மை பற்றிய பாடம். எது வன்மை, எது மென்மை, எது மிதக்கும், எது தாழும். வவுனியாவில் நடந்த பயிற்சியில் ஒருவர், "பிள்ளையள் கையாலைதான் படிக்கும். எல்லாத்தையும் தொட விடுங்கோ" என்று சொல்லியிருந்தார். நல்ல பேச்சு என்று நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

அதற்காக நானே ஒரு கதை கட்டினேன். பஞ்சக்கா, சிரட்டையக்கா, கண்ணாடியக்கா, இரும்பக்கா என்று நாலு அக்காமார் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். மழை பெய்கிறது. பஞ்சக்கா நனைந்து எழும்ப முடியாமல் கிடக்கிறாள், சிரட்டையக்கா வெள்ளத்தில் மிதந்து போய் உதவி கூட்டி வருகிறாள். கண்ணாடியக்கா விழுந்து உடைந்த இடத்தில் இரண்டு பிள்ளைகள் அழுததால் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒட்டிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு அக்காவுக்கும் ஒரு கைவேலை. பழைய சீலைத் துண்டுக்குள் இலவம் பஞ்சை அடைத்து கோழிக்குஞ்சு தைத்தோம். வாளித் தண்ணீரில் சிரட்டை ஓடம் விட்டோம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, ஐந்து வயது ஆகாதவள், எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். என் சீலைக் கரையை, தலைமயிரை, காயாத சீமெந்தை எல்லாம் தடவிப் பார்ப்பாள். ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த நாயின் மூக்கை அமத்திப் பார்த்து, "ஈரமா இருக்கு" என்று எனக்கு வந்து அறிவித்தாள். உண்மையைச் சொன்னால் அந்தப் பாடத்தையே நான் அவளுக்காகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரும்பக்காவின் முறை. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பலகையைத் தட்டினேன், வாளியைத் தட்டினேன், கடைசியாக என் குசினியிலிருந்து கொண்டுபோன தோசைக்கல்லைத் தட்டினேன். ணங் என்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. திங்கட்கிழமை ஒரு கயிறு கட்டி, பிள்ளைகள் கொண்டுவரும் இரும்புச் சாமான்களைத் தொங்கவிட்டுக் கச்சேரி வைப்போம் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

"வீட்டிலை, வளவிலை, எல்லா இடமும் தேடுங்கோ. கிடைச்சால் கல்லாலை தட்டிப் பாருங்கோ. ணங் எண்டு சொன்னால் அவதான் இரும்பக்கா. கூட்டிக்கொண்டு வாங்கோ."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மூன்று மணிபோல வீட்டில் சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். பழைய இரும்பு வாங்குகிற லொறி ஒலிபெருக்கியோடு தெருவால் போனது. கச்சேரித் திட்டத்தை ஏற்கெனவே என் வாயால் கேட்டிருந்த என் கணவர் கதிரையில் இருந்தபடி பகிடி விட்டார்.

"இஞ்சேரும், அந்த லொறிக்காரரை மறியும். திங்கட்கிழமை உம்மடை பிள்ளையள் காடு கரையெல்லாம் கிண்டி லொறி நிறையக் கொண்டுவருவினம்."

கழுவின கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன். கிண்டி.

எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள் கிடக்கும் இரும்பு என்ன இரும்பு என்று யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்த காலத்தில் மிதிவெடி என்று எழுதிய சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் போனவள் நான். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்று மேடையில் நாடகம் நடித்துக் கைதட்டல் வாங்கினவள். பிறகு துப்புரவாக்கிவிட்டோம் என்று பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். என்றாலும் பெருமழைக்குப் பிறகோ, புதுக்காணி திருத்தும்போதோ எங்காவது ஒன்று தலைகாட்டியதாகக் கதை வரும். அப்படிப்பட்ட மண்ணில் பதினான்கு குழந்தைகளைப் போய்த் தேடு, கல்லால் தட்டு என்று அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடத்தில், பயத்துக்கு முன்னால், ஒரு சின்னச் சந்தோஷம் வந்து போனது. நான் மறந்திருக்கிறேன்! இந்த மண்ணில் நடக்கும்போது ஒரு நாளாவது அதை நினைக்காமல் இருக்கவேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டேன். அந்த ஆசை நிறைவேறிய விதத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

பிள்ளைகளை இரும்பு தேட விடவேண்டாம் என்று தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டேன். குரல் நடுங்கியதால் அழித்துவிட்டுத் திரும்பவும் போட்டேன். யார் யார் கேட்டார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடந்தேன். ஆறு பேர். ஒன்பது பேர். ஒரு தாய், "நான் தோசைக்கரண்டியைத்தான் குடுத்தனான் ரீச்சர், வளவுக்கை விடேல்லை" என்று பதில் அனுப்பினா. இன்னொரு தாய், "உங்களுக்குமா மறந்து போச்சு?" என்று மட்டும் கேட்டா. பதின்மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்காத ஒரே ஆள், எதையும் தொட்டுப் பார்க்கும் அந்தப் பிள்ளையின் தாய். எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. அவர்கள் வீட்டுக்குப் பின்னால் பற்றை வெட்டிக் கச்சான் விதைக்க நிலம் திருத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். பிள்ளையே வகுப்பில் சொல்லியிருந்தாள்.

"அந்தரப்படாமல் போம்" என்று கணவர் பின்னால் கத்தினார். நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.

மூன்று கிலோமீற்றர் இருக்கும். சைக்கிள் ஓடியதா, நான் அதைத் தள்ளிக்கொண்டு ஓடினேனா என்பது சரியாக நினைவில்லை. தூரத்தில் எங்கேயோ யாரோ மரம் கொத்துகிற சத்தம் கேட்டதற்கே இறங்கி நின்று காது கொடுத்தேன். அவர்கள் படலையைத் தள்ளும்போது கேட்டது. ணங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ணங்.

"தட்டாதை!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

வீட்டுக்குப் பக்கத்தில் குழாய்க்கிணற்றடியில் அவள் கையில் கல்லோடு நின்றாள். தட்டிக்கொண்டிருந்தது குழாய்க்கிணற்றின் கைப்பிடியை. "ரீச்சர், இரும்பக்கா! ஆனா கழட்ட ஏலாமல் கிடக்கு" என்றாள். சிரிப்பு வந்தது, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த தாயிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அப்போது பிள்ளை, "அங்கையும் ஒண்டைத் தட்டினனான். அது சத்தம் போடேல்லை. எறிஞ்சிட்டன்" என்று புதுக்காணிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"வட்டம். பச்சை. பிளாஸ்ரிக் மாதிரி."

இரும்பு இல்லை என்று மற்ற ஊர்களில் ஆறுதல் அடைவார்கள். மிதிவெடிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் வெளியே இரும்பு தெரியாது, பிளாஸ்ரிக்தான் என்று அந்த நாடகத்தில் பாட்டாகவே படித்தவள் நான். எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தேன். தாயும் மற்றக் கையைப் பிடித்து இழுத்தா. இரண்டு பேரும் சேர்ந்து அவளைத் தெரு வரைக்கும் கொண்டுவந்தோம். ஏன் தொட்டாய், எதற்கு எடுத்தாய் என்று நான் திரும்பத் திரும்பக் கத்தினேன். தேடச் சொன்னதே நான்தான் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை. தாய் பயத்தில் அவளுடைய இரண்டு கையிலும் அடித்தா. நான் தடுக்கவில்லை.

அன்றைக்கே பொலிசுக்கு அறிவித்தோம், அடுத்த நாள் காலை வெடிபொருள் அகற்றுகிறவர்கள் வந்தார்கள். நாடா கட்டினார்கள். எங்களைத் தெருவில் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் நின்றோம். ஒருவர் பற்றைக்குள்ளிருந்து அதைக் கையில் தூக்கிக்கொண்டு சாதாரணமாக நடந்து வந்தார். ஏதோ பழைய பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானின் மூடி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாய் எனக்குத் தேத்தண்ணீர் தந்தா, கோபிக்கக்கூட இல்லை. பிள்ளை மட்டும் சிரிக்காமல் கிணற்றடியில் நின்றதைப் பார்த்தேன். பசியாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை கயிறும் கட்டவில்லை, கச்சேரியும் இல்லை. குளத்திலிருந்து நல்ல களிமண் எடுத்து அரித்துக் குழைத்து, பெரிய தட்டத்தில் கொண்டுபோனேன். எதைச் செய்தாலும் ஆபத்தில்லாத பொருள். பதின்மூன்று பிள்ளைகள் முழங்கை வரைக்கும் கையை விட்டு உருட்டினார்கள், பிசைந்தார்கள், பக்கத்தில் இருந்தவரின் முகத்தில் பூசினார்கள். அவள் தட்டத்துக்கு இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ குஞ்சு, தொட்டுப் பாருங்கோ" என்றேன்.

"நீங்கள் முதல் தொடுங்கோ ரீச்சர்."

நான் களிமண்ணுக்குள் கையை அமத்தினேன். விரல்களுக்கு இடையால் மண் பிதுங்கி வந்தது. ஒன்றும் இல்லை, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் கிட்ட வந்து குனிந்து என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் கட்டிய கைகளை அவிழ்க்கவில்லை.

"மற்றக் கையையும் வையுங்கோ" என்றாள்.