சுல்தான் அரண்மனையில் ஆண்கள் பக்கம்

குற்றாலம் போகிற சாலையில் யஹ்யாவின் பரோட்டா கடைக்கு யாரும் வழி கேட்பதில்லை. கல்லிலிருந்து எடுத்த பரோட்டாவை அடுக்கி வைத்து இரண்டு கையாலும் அடிக்கிற சத்தமே ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். சாரல் விழுந்து சீசன் தொடங்கிவிட்டால் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த இடம் கிடையாது. கொல்லத்துக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் குளித்த ஈரம் காயாமல் வந்து இலைக்குக் காத்து நிற்பார்கள்.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் யஹ்யா. புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் எச்சில் இலை எடுத்தார், மாவு பிசைந்தார், கல்லுக்கு முன்னால் நின்று புருவம் கருகினார். அதே கையால் சொந்தக் கடை போட்டார், தென்காசியில் மாடி வீடு கட்டினார், மகள் ஹுஸ்னாவை இன்ஜினியர் ஆக்கினார். பேங்க் மேனேஜர் வந்தாலும் சரி, தாசில்தார் வந்தாலும் சரி, யஹ்யா எழுந்து நின்றது கிடையாது. அவர்கள்தான் நின்று சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். படித்தவனிடம் யோசனை கேட்டு அவர் ஒரு காரியம் செய்ததாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட மனிதர் துருக்கிக்குப் போனார். மருமகன் அஹ்சனுக்கு இஸ்தான்புல்லில் வேலை. மகளும் அங்கேதான். மனைவி பாத்திமுத்துவோடு விமானம் ஏறினார். பாத்திமுத்துவுக்குச் சர்க்கரை உண்டு. ஊசி போட்டுக்கொள்கிறவள். ஊசி போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். ஒரு தடவை உறவுக்காரர் கல்யாணத்தில் அப்படித்தான் பந்திக்கு முன்னாலேயே சரிந்துவிட்டாள். அன்றைக்கு டாக்டர் யஹ்யாவைத்தான் பிடித்துத் திட்டினார். கையில் இனிப்பு இல்லாமல் இந்த அம்மா வாசல் தாண்டக் கூடாது, நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் ஆள் மிஞ்சாது என்றார். அதிலிருந்து பாத்திமுத்துவின் தோள் பையில் குளுக்கோஸ் பொடியும் கருப்பட்டி மிட்டாயும் இல்லாமல் இருந்ததில்லை.

அஹ்சன் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஆளுக்கொரு மியூசியம் பாஸ் வாங்கிக் கொடுத்தான். சுற்றுலாக்காரர்களுக்கென்று விற்கிற அட்டை. வாசலில் இயந்திரத்தில் வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கம்பி சுற்றும், உள்ளே போகலாம். ஒரு இடத்துக்கு ஒரு தடவைதான் மாமா, வெளியே வந்துவிட்டால் அதே இடத்துக்குத் திரும்ப விடாது என்று அவன் சொன்னான். யஹ்யா கேட்டுக்கொண்டே பல் குத்திக்கொண்டிருந்தார். வேலைக்கு லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தான்.

“செக்போஸ்டுல வளந்தவன் மாப்ள நான். எனக்குக் கேட்டைத் தாண்டச் சொல்லித் தாரீரா?” என்றார் யஹ்யா.

முதல் இரண்டு மியூசியங்களில் ஒரு குறையும் இல்லை. அட்டையை நீட்டினார், பச்சை எரிந்தது, உள்ளே கிடந்த உடைந்த கல்லையெல்லாம் பார்த்தார்கள். அவர் மனசு முழுக்க சுல்தான்கள் வாழ்ந்த பழைய அரண்மனையில்தான் இருந்தது. அங்கே ஒரு கூடத்தில் நபிகள் நாயகத்தின் பொருள்கள் என்று போற்றிப் பாதுகாப்பவற்றை வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றுதான் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

அன்று மத்தியானம் பாத்திமுத்து ஊசி போட்டுக்கொண்டு ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தாள். அந்த ஊர் ரொட்டி அவளுக்கு இறங்கவில்லை. இரண்டு வாய் பிய்த்துப் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொள்கிறேன் என்றாள். யஹ்யாவுக்கும் அவசரம். சரி என்று விட்டுவிட்டார்.

அரண்மனைக்குள் முற்றத்துக்கு மேல் முற்றம். நடந்து நடந்து, நபிகளின் பொருள்கள் இருக்கிற கூடத்துக்குப் பக்கத்தில் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அங்கே அவர் கண்டது இதுதான். கூடத்து வாசலில் முக்காடு போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள், இந்தோனேஷியாக்காரிகள் போல முகம். கொஞ்சம் தள்ளி எதிர்ப்பக்கம் ஒரு வளைவுக்குக் கீழே அதே முகச்சாயலில் ஆண்கள் மட்டும் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

குற்றாலத்தில் பிழைத்தவனுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? பேரருவியில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். குடும்பமாக வந்தாலும் அருவிக்கரையில் பிரிந்துதான் ஆக வேண்டும். பிரிகிற இடத்தில் பெண்கள் பை, போன், பர்ஸ் எல்லாவற்றையும் ஆம்பளை கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். குளித்து முடித்து அவரவர் வழியாக வெளியே வந்து சேர்ந்துகொள்வார்கள். யஹ்யாவும் பாத்திமுத்துவும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். புனிதமான இடம், இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். யாரையாவது கேட்டாரா? கேட்கிற வழக்கம் இல்லை.

“நீ பொம்பளைக பக்கம் போ. நான் அந்தப் பக்கமா வாரேன். பாத்து முடிச்சிட்டு வாசல்ல நில்லு, அசையாத,” என்றார். பாத்திமுத்துவும் மறுபேச்சு பேசவில்லை. பழகின கை, தன்னால் தோளிலிருந்து பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தது. அவளுடைய பாஸும் போனும் ஊசி போடுகிற இன்சுலின் பேனாவும் மிட்டாயும் குளுக்கோஸும் அந்தப் பைக்குள் இருந்தன.

யஹ்யா ஆண்கள் வரிசையில் நின்றார். வரிசை வேகமாக நகர்ந்தது. வளைவைத் தாண்டினார், ஒரு சந்து, அதற்கப்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சுழல் கதவு. முன்னால் போனவனைப் போலவே தள்ளிக்கொண்டு போனார். கதவு முதுகுக்குப் பின்னால் கடக்கென்று பூட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் தெரு. சோளம் சுட்டு விற்கிறான். பஸ் நிற்கிறது. பெண்டாட்டிமார் உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, பார்த்து முடித்த புருஷன்மார் பஸ்ஸில் போய் உட்காருகிறார்கள்.

அது வெளியேறுகிற வழி.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. சுழல் கதவைத் தள்ளினார், அது வெளியே வருகிற பக்கத்துக்கு மட்டும் சுற்றுகிற சாதி. மதிலை ஒட்டி நடந்து முன்வாசலுக்குப் போனார். அட்டையை இயந்திரத்தில் வைத்தார். சிவப்பு. துடைத்து வைத்தார். சிவப்பு. பாத்திமுத்துவின் அட்டையை வைத்தார். அதுவும் சிவப்பு. டிக்கெட் கவுண்டர் பக்கம் போனால் அங்கே அன்றைய விற்பனை முடிந்து ஷட்டர் இறக்கியாகிவிட்டது. அவருடைய போனும் பாத்திமுத்துவின் போனும் வீட்டு வைஃபையில் மட்டும்தான் பேசும், வெளியே வந்தால் வெறும் டப்பா. சிம் வாங்கித் தருகிறேன் என்று அஹ்சன் சொன்னதையும் வேண்டாம் என்றவர் அவர்தான்.

தோளில் தொங்கிய பை அப்போதுதான் கனத்தது. திறந்து பார்த்தார். குளுக்கோஸ் பாக்கெட் அப்படியே இருந்தது. மத்தியானம் அவள் தள்ளிவிட்ட தட்டு கண் முன்னால் வந்தது. ஊசி போட்டு எவ்வளவு நேரமாகிவிட்டது என்று விரல் விட்டு எண்ணினார்.

வாசலில் நின்ற இளவயசுக் காவலாளியிடம் உள்ளே கையைக் காட்டிச் சொன்னார், தமிழிலும் சொன்னார், தெரிந்த மலையாளத்திலும் சொன்னார். அவன் அட்டையைக் காட்டினான், சிவப்பு விளக்கைக் காட்டினான், வெளியே வருகிற கூட்டத்தைக் காட்டினான். எல்லாரும் வருவார்கள், உன் ஆளும் வருவாள், நில் என்கிறான். அது யஹ்யாவுக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் அவள் வரமாட்டாள் என்பது அவனுக்கு எப்படிப் புரியும்? வாசலில் நில்லு, அசையாத என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அருவிக்கரையில் பெண்கள் பக்கம் முடிகிற இடத்தில் எத்தனை நேரமானாலும் நிற்கிறவள் அவள். பூமி பிளந்தாலும் அசைய மாட்டாள்.

யஹ்யா சத்தம் போட்டார். தென்காசியில் அந்தச் சத்தத்துக்கு நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கேயும் நாலு பேர் ஓடி வந்தார்கள், எல்லாம் காவலாளிகள். கம்பிக்கு மேல் கால் போடப் பார்த்தவரைத் தோளைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள்.

சுவரோரம் நின்றபோதுதான் அவருக்கு உறைத்தது. அவர் கடையில் குடித்துவிட்டுக் கூச்சல் போடுகிறவனை இப்படித்தான் ஓரமாக நிறுத்தி வைப்பார். அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு நாளும் காதில் வாங்கினதில்லை. சத்தம் போடுகிறவன் பேச்சுக்கு எந்த ஊரிலும் விலை கிடையாது. செக்போஸ்டில் காரியம் சாதித்த லாரிக்காரன் எவனும் குரலை உயர்த்தினதை அவர் பார்த்ததில்லை.

யஹ்யா கல் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தால் நாற்காலி தேடி வருகிற மனிதர். பையை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினார். இன்சுலின் பேனாவை எடுத்து வயிற்றில் குத்துவது போலக் காட்டினார். மத்தியானத் தட்டைத் தள்ளிவிடுவது போலக் காட்டினார். பாத்திமுத்துவின் போனை அமுக்கினார், அதன் முகப்பில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்தப் படத்தைக் காட்டி உள்ளே கை நீட்டினார். அப்புறம் நெற்றி வியர்வையை வழித்தார், கையை நடுக்கினார், கண்ணைச் செருகினார், வெள்ளைச் சட்டையோடு அந்தக் கல்லில் மல்லாந்து விழுந்தார். வெளியே வந்த கூட்டத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான். எடுக்கட்டும்.

நாலு பேரில் வயசான காவல்காரி ஒருத்தி இருந்தாள். அவள் குனிந்து இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்தாள். அவள் வீட்டிலும் யாருக்கோ சர்க்கரை இருந்திருக்க வேண்டும். இளவயசுக்காரனிடம் என்னவோ அதட்டினாள், பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள், யஹ்யாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். ரெண்டு பேரும் ஓடினார்கள்.

வெளியேறுகிற வழிப் பக்கம் போகலாம் என்று அவள் திரும்பினாள். யஹ்யா விடவில்லை. கூடத்தை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடினார். முற்றத்தில் எதிர்த்திசையில் ஜனம் வழிந்துகொண்டிருந்தது. மூட்டு வலி, மூச்சு வாங்கல் எதுவும் அவருக்கு அப்போது தெரியவில்லை. பையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

கூடத்து வாசலுக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் பாத்திமுத்து. முக்காடு வியர்வையில் நனைந்து தலையோடு ஒட்டியிருந்தது. இந்தோனேஷியாக்காரிகள் இரண்டு பேர் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், இவள் தூணைப் பிடித்த பிடியை விடவில்லை. முகம் வெளுத்துக் கிடந்தது.

“முத்து, ஏட்டி, இங்கன பாரு.”

அவள் பார்த்தாள். பார்த்த பார்வையில் அவர் இல்லை.

“நீங்க யாரு?” என்றாள். நாக்கு குழறியது.

இத்தனை வருஷத்தில் யஹ்யாவை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. அதை நினைக்க அவருக்கு நேரமும் இல்லை. குளுக்கோஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார். அவளுடைய கன்னத்துக்கு உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை வைத்துத் தடவினார். பாதி முழுங்கினாள், பாதி வழிந்தது. மறுபடி தடவினார். காவல்காரி கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாக்கிடாக்கியில் யாரையோ கூப்பிட்டாள். ஓதுவதற்கு வாயெடுத்த யஹ்யாவுக்கு பிஸ்மில்லாவுக்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. மாவு பிசைந்து பிசைந்து காய்த்துப்போன விரல்கள் பொடியைத் தடவிக்கொண்டே இருந்தன.

நெடுநேரம் ஆனது போல இருந்தது. அப்புறம் அவள் விரலைக் கடித்தாள். தானாகவே முழுங்கினாள். இன்னும் என்று வாயைத் திறந்தாள். கண் மெல்ல வந்து அவர் முகத்தில் நின்றது.

“ஆம்பளைக பக்கம் எங்கன இருக்கு மச்சான்?” என்றாள். “இந்த வாசலு, அந்த வாசலுன்னு ரெண்டையும் இங்கன இருந்தே பாத்துட்டேன். ஆம்பளையும் பொம்பளையுமா ஒண்ணாத்தான் வாராவ.”

யஹ்யா மூக்கை உறிஞ்சினார். “ஆம்பளைக பக்கம்னு ஒண்ணு இங்க கிடையாதுட்டி. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்.”

பாத்திமுத்து அதை நம்பாதவள் போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு அவள் கேட்டதில்லை.

முதலுதவிப் பெட்டியோடு ஒருவர் வந்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். ஏறத் தொடங்கியிருக்கிறது என்று கட்டை விரலைக் காட்டினார். கொஞ்ச நேரம் இங்கேயே உட்காரச் சொன்னார். முற்றம் காலியாகிவிட்டது. கூடத்தின் பெரிய கதவுகளைச் சாத்த ஆட்கள் வந்தார்கள். காவல்காரி அவர்களைக் கை காட்டி நிறுத்தினாள். யஹ்யாவின் பக்கம் திரும்பி, உள்ளே காட்டினாள். சாத்துவதற்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வா என்கிறாள். நாலு எட்டு வைத்தால் கூடம்.

“போய்ட்டு வாங்க,” என்றாள் பாத்திமுத்து. “எல்லாம் கண்ணாடிக்குள்ள வச்சிருக்காவ. நான் இங்கனதான இருப்பேன்.”

யஹ்யா கூடத்து வாசலைப் பார்த்தார். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, யாரோ ஓதுகிற குரல் கேட்டது. நெஞ்சில் கை வைத்து அந்தப் பக்கமாக நபிகளை வாழ்த்தி ஸலவாத்துச் சொன்னார். அப்புறம் காவல்காரியிடம் தலையை ஆட்டி வேண்டாமென்றார்.

“நீ பாத்துட்டேல்லா? என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லு,” என்றார்.

பாத்திமுத்து தூணில் சாய்ந்தபடி சொல்லத் தொடங்கினாள். கதவு சாத்துகிற சத்தத்தில் அவள் குரல் அமுங்கியது. யஹ்யா இன்னும் நெருக்கமாக நகர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் கொடுத்தார்.