கீழே போன ரயில்

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு ஓட்டுபவன். எங்களைக் கடந்து போய்விட்ட படகைப் பற்றிப் பிறகு நாங்கள் கவலைப்படுவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் பள்ளி விடுமுறையில் மகளை மலைநாட்டுக்குக் கூட்டிப்போனேன்.

தெமோதரை நிலையத்துக்குச் சற்றுத் தள்ளித் தண்டவாளத்தோரம் நின்றோம். எங்களுக்குக் கீழே ஒரு ரயில் வந்து சுரங்கத்துக்குள் மறைந்தது.

"அப்பா, தண்டவாளத்தில இருந்து படம் எடுப்பமா?" என்றாள் மகள்.

"ஓம், ரயில் போயிட்டுது. வடிவா இரு."

அவள் தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்தாள். முதல் படம் சரியாக வரவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று சில நிமிடங்கள் போயின. தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண், கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து மகளை இழுத்தார்.

"கீழ போன ரயிலுதாங்க மலையச் சுத்தி மேல வருது."

அவர் சொல்லி முடிக்குமுன் வளைவில் எஞ்சின் தெரிந்தது.

திரும்பும் பேருந்தில் மகள் கேட்டாள். "ரயில் போயிட்டுது எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா?"



இப்போது அவள் எதைக் கேட்டாலும், தெரிந்தால் மட்டுமே ஓம் என்கிறேன். தெரியாத இடமென்றால், அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்கும்வரை அவள் கையை விடுவதில்லை.