வரப்பில் கால் பிசகினால்

எங்கள் மரக்காணம் உப்பளத்தில் ஒருவன் குடித்திருக்கிறானா என்று பார்க்க மிஷின் எல்லாம் கிடையாது. வரப்பில் நடக்கவிடுவார்கள். கால் பிசகிப் பாத்தியில் இறங்கினால் அன்றைக்கு வேலை இல்லை. பக்கத்துப் பாத்திச் சகாயமேரியின் புருஷன் அந்தோணிராஜ் அப்படித்தான் மாட்டினான். சாராயத்தைத் தொட்டே பார்க்காதவன். மேஸ்திரி பஞ்சநாதன், "வூட்டுக்குப் போப்பா" என்று அனுப்பிவிட்டார்.

மேரியும் அவன் குடிப்பதாக நம்பிவிட்டாள், அதுதான் கொடுமை. அவனை மாதா கோயிலுக்கு இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்கினாள். குடியை மறக்கடிக்கும் மாத்திரையை வருஷக்கணக்கில் ஊட்டினாள். கைகால் ஆட்டம் கூடிக்கொண்டேதான் போனது.

கடைசியில் புதுச்சேரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹண்டிங்டன் என்றார். மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிற பரம்பரை நோய். குணமாக்க மருந்து இல்லை. பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிள்ளை என்றால் ஜான்சி. ஒரே மகள், அம்மாவோடு அதே அளத்தில் உப்புச் சுமக்கிறவள். "எனக்கு டெஸ்ட்டு வேணாம்மா. தெரிஞ்சிகினு என்னா பண்ணப் போறோம்?" என்றுவிட்டாள். அன்றிலிருந்து மேரிக்கு உப்பில் கண் இல்லை, மகளின் காலில்தான்.

இந்த வருஷம் அவன் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்குகிற மாத்திரை வாங்கப் போனபோது டாக்டர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிச்சி.

"வெளிநாட்டுல ஒரு புது சிகிச்சைய சோதனை பண்ணியிருக்காங்கம்மா. மண்டையில துளை போட்டு, ஒரே தடவை மூளைக்குள்ள மருந்து விடுறாங்க. கொஞ்ச பேருக்குத்தான் குடுத்தாங்க. மூணு வருஷம் பாத்ததுல நோயோட வேகம் முக்கால்வாசி கொறைஞ்சிருக்குது."

மேரி அவர் காலில் விழப்போனாள். "என் வூட்டுக்காரருக்குப் போட்டுடுங்க சார். கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது."

"இவருக்கு முடியாதும்மா. நோய் ஆரம்பத்துல இருக்கறவங்களுக்குத்தான் குடுத்துப் பாத்தாங்க. அதுக்கே இன்னும் அனுமதி வரல. இங்க எப்ப வரும்னு எனக்கே தெரியல."

மருந்தே இல்லை என்றிருந்த காலத்தில்கூட மேரி தூங்கினாள். மகளுக்காவது மருந்து வரும், ஆனால் எப்போது என்று தெரியாது என்றான பிறகு அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கை கொஞ்சம் வேகமாக ஓடக் கூடாதா என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது.

போன வாரம் ஜான்சி உப்புக் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். கால் பிசகியது. வரப்பு சரிந்து, கூடை பாத்தியில் கவிழ்ந்தது. வழுக்கியிருக்கலாம், யாருக்கும் வழுக்கும். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும்.

மேரி ஓடினாள். மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வாயை மோந்து பார்த்தாள்.

"குடிச்சியாடி?"

"என்னம்மா நீ..."

"குடிச்சேன்னு சொல்லுடி. அடிக்க மாட்டேன், சொல்லு."